பாலத்தின் கதையைக் குதிரையிடம் சொன்னவன்

நோயெமிக்கு அந்தக் குதிரையைப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் அதன் பெயர். கொலெட். குதிரை என்றால் கறுப்பி, செம்பி, வெள்ளைக்காலி என்று ஏதாவது ஒரு பெயர் இருக்க வேண்டும். இதுவோ ஞாயிற்றுக்கிழமை தொப்பி வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற பெண்ணின் பெயர். விற்றவன் வைத்த பெயர், மாற்றினால் குதிரை குழம்பிப் போகும் என்றான் அவள் புருஷன் ஜெனோப்.

"உங்கம்மா எனக்கு வேற பேரு வெச்சுக் கூப்பிட்டாங்க. நான் என்ன குழம்பியா போயிட்டேன்?"

"நீ குதிரை இல்லையே."

"அத நீ இப்பத்தான் கண்டுபிடிச்சியா?"

ஜெனோப் சிரித்தான். நோயெமி சிரிக்கவில்லை.

சாம்பர் நதியில் நிலக்கரிப் படகு வைத்திருந்தவர்கள் இரண்டு வகை. குதிரை வைத்து இழுப்பவர்கள் ஒரு வகை. தோளில் வார் போட்டுத் தாங்களே இழுப்பவர்கள் இன்னொரு வகை. நோயெமி பிறந்ததே வார்க்காரர்களின் படகில். அகலமான முரட்டுத் துணி வாரை ஒரு தோளில் மாட்டி, மார்புக்குக் குறுக்கே இறக்கி, அதை இழுகயிற்றோடு கோத்துக்கொண்டு, ஆற்றங்கரைப் பாதையில் முன்னால் சாய வேண்டும். சாய்வதுதான் வேலை. சாய்ந்துவிட்டால் கால்கள் தானாகப் பின்னால் வரும். சுரங்க ஊரான ஷார்ல்ருவாவில் கரி ஏற்றிக்கொண்டு பிரான்ஸ் எல்லை வரைக்கும் ஆற்றை எதிர்த்து இப்படியே போவார்கள். மகள் படகில் இருந்தவரை சுக்கான் பிடித்தது மகள்தான். அவள் கல்யாணமாகி வேறு படகுக்குப் போன பிறகு, நேரான இடங்களில் சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டு நோயெமியும் ஜெனோப்பும் இறங்கி இழுத்தார்கள்.

அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்தப் பாதையில்தான். படகுக்குள் வந்துவிட்டால் சாப்பிடவும் தூங்கவும் மட்டுமே தெம்பு இருக்கும். பேச்செல்லாம் வாரில் பூட்டிக்கொண்டு நடக்கும்போதுதான். சண்டை போட்டது அங்கே, சமாதானமானது அங்கே, மகளுக்குப் பெயர் முடிவு செய்தது அங்கே. ஜெனோப்பின் வலது தோளும் அவளுடைய இடது தோளும் உரசிக்கொண்டே போகும். அவன் முகத்தைப் பார்க்காமலே அவன் என்ன நினைக்கிறான் என்று அவளால் சொல்ல முடியும். கயிறு சொல்லிவிடும்.

அந்த இடத்தில்தான் இப்போது கொலெட் நடந்தது.

"உன் தோளப் பாத்தியா? ஒரு பக்கம் எறங்கிப்போச்சு. இனிமே நீ சொகமா சுக்கான் பிடி" என்று ஜெனோப் அந்த வசந்தத்தில் குதிரையைக் கூட்டிக்கொண்டு வந்தான். பேச்சுவார்த்தை எதுவும் இல்லை. படகின் நடுவில் கரி கொட்டும் இடத்தைக் கொஞ்சம் குறுக்கி, பலகை அடித்து, லாயம் கட்டினான். லாயத்துக்கும் அவர்கள் படுக்கைக்கும் நடுவே ஒரே ஒரு பலகை. குதிரை தலையைச் சொறிந்துகொண்டால் நோயெமியின் தலையணை ஆடியது.

"மகாராணிக்கு இடம் போதுமா? இல்ல நான் வேணும்னா எழுந்து நிக்கட்டுமா?" என்றாள்.

"மெதுவாப் பேசு. பயந்துக்கும்."

மெதுவாகப் பேசு என்று அவளிடம் அதுவரைக்கும் அவன் சொன்னதே கிடையாது.

சுக்கான் பிடிப்பது சுகம் என்று சொன்னவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கயிற்றின் முழு நீளத்துக்கு அப்பால், முன்னே பாதையில், ஜெனோப்பின் முதுகும் குதிரையின் பின்பக்கமும் சேர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. சில சமயம் அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பான். குதிரையோடு நடக்கிறவன் எதற்குச் சிரிக்கிறான்? நடுவில் சட்டைப்பையிலிருந்து ரொட்டியை எடுப்பான். பேரிக்காய்ப் பாகு தடவி, மதியத்துக்காக அவள் கட்டிக் கொடுத்த ரொட்டி. அவன் ஒரு கடி, குதிரை ஒரு கடி. அவன் அதன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது நோயெமி வேண்டுமென்றே சுக்கானை ஒரு பக்கமாகத் தள்ளுவாள். கயிறு வெடுக்கென்று இழுக்கும். அவன் திரும்பிப் பார்ப்பான். அப்படியாவது திரும்பிப் பார்த்தானே என்று அவளுக்கு ஒரு அற்பத் திருப்தி.

ஓரின் என்ற சிற்றாறு சாம்பரில் வந்து விழும் இடத்தில் ஒரு கல் பாலம் இருக்கிறது. வண்டிக்கான பாலம் இல்லை அது. இழுக்கிறவர்கள் ஓரினைத் தாண்டுவதற்காக மட்டும் கட்டியது. ஒரே ஒரு வளைவு, ஆளுயரத்துக்குக் கூன் போட்ட முதுகு, இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கும் அகலம். கழனிப் பக்கத்துக் கைப்பிடிச்சுவர் இடுப்பளவு இருக்கும். ஆற்றுப் பக்கத்துச் சுவர் முழங்கால் உயரம்தான், கயிறு தடுக்காமல் போவதற்காக. ஆனாலும் கயிறு அதில் உராயாமல் போனதில்லை. எத்தனையோ தலைமுறைக் கயிறுகள் அந்த நீலச்சாம்பல் கல்லில் விரல் புதையும் ஆழத்துக்குத் தடம் போட்டிருந்தன. அதில் எது தன் அம்மாவின் கயிறு போட்ட தடம் என்று நோயெமி சின்ன வயதில் தேடியிருக்கிறாள்.

பாலத்தின் உச்சியில் ஒரு கல்லில் இரண்டு அரைவட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் செதுக்கியிருக்கும். தேய்ந்து போனவை. கல்யாணமான புதிதில், அவளை முதன்முதலாகத் தன் படகை இழுக்கக் கூட்டி வந்த நாளில், ஜெனோப் அங்கே நின்று அவளுக்கு அந்தப் பாலத்தின் கதையைச் சொன்னான்.

பாலம் இல்லாத காலத்தில் இழுக்கிறவர்கள் ஓரினில் இறங்கித்தான் கடக்க வேண்டும். மேட்டில் இருந்த மடத்தில் கல் குவிந்து கிடந்தது. துறவிகள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஒரு நாள் புருஷனும் பெண்டாட்டியும் வாரோடு இறங்கினார்கள். அவளுடைய கால் வழுக்கியது. வாரை உதறிவிட்டு அவன் கரையேறியிருக்கலாம், ஏறவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தான். மறுநாள் மடத்தின் மதகில் இரண்டு வார்கள் பின்னிக்கொண்டு வந்து ஒதுங்கின. அதைப் பார்த்த மடத்துத் தலைவர் அழுதார், கல்லைக் கொடுத்தார். அந்த இரண்டு வார்கள்தான் இந்த இரண்டு அரைவட்டங்கள்.

"நீயா இருந்தா உதறிட்டு ஏறியிருப்பியா?" என்று அவள் அன்றைக்குக் கேட்டாள்.

"ஏறித்தான் பாக்கலாம்னு நெனைப்பேன். நீ விட்டாத்தானே" என்றான் அவன்.

அந்தப் பதிலை அவள் இத்தனை வருஷமாக யாருக்கும் கொடுக்காமல் தனக்காக வைத்திருந்தாள்.

கோடை பிறந்த ஒரு நாள். காற்றே இல்லை. ஜெனோப்பும் கொலெட்டும் ஓரின் பாலத்தின் உச்சிக்கு ஏறினார்கள். பின்னால் படகு தண்ணீரில் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. பாலத்தின் வளைவுக்கு ஒரு குணம் உண்டு. மேலே பேசுவதைக் கீழே தண்ணீரோடு தள்ளி அனுப்பிவிடும். ஜெனோப் நின்றான். சட்டைப்பையில் கை விட்டான். அவன் குரல் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் நோயெமியின் காதில் விழுந்தது.

"இத பாரு கொலெட், இது என்னன்னு தெரியுமா? ரெண்டு லாடம். பாலம் இல்லாத காலத்துல இங்க ஒரு குதிரை தண்ணில எறங்குச்சு. உன்ன மாதிரியே சாம்பல் நெறம். அதோட ஆளு விடமாட்டேன்னுட்டான்..."

நோயெமி கடைசி வரை கேட்டாள். மடம், கல், கால் வழுக்குவது, உதறாமல் பிடித்துக்கொண்டது எல்லாம் அப்படியே இருந்தது. பெண்டாட்டி இருந்த இடத்தில் மட்டும் குதிரையை நிறுத்திவிட்டான். கதை முடிந்ததும் குதிரைக்கு ரொட்டி கிடைத்தது. அது தலையை ஆட்டிக்கொண்டு தின்றது, எல்லாம் புரிந்ததுபோல.

அன்றைக்குச் சாயங்காலம், படகுகளை மேல்மட்டத் தண்ணீருக்கு ஏற்றிவிடும் மதகில் வரிசையில் காத்திருந்தபோது, நோயெமி மதகுக்காரரின் மனைவி மெலானியிடம் போய் வெடித்தாள். மெலானி வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குகிற, சிரித்தால் குலுங்குகிற உடம்பு.

"குதிரைகிட்டடி! எனக்குச் சொன்ன கதைய குதிரைகிட்டச் சொல்றான்!"

"எந்தக் கதை? ரெண்டு மோதிரமா?"

"மோதிரமா? ரெண்டு வாரு."

"எங்காளு எனக்கு ரெண்டு மோதிரம்னுதான் சொன்னான். கொல்லன் மவனுக்கும் மேய்ப்பன் வீட்டுப் பொண்ணுக்கும் காதல், அவ ஓரின்ல விழுந்தா, இவன் குதிச்சான்." மெலானி ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். "அட, அந்தக் கல்லு முன்னாடி நிக்க வெச்சு ஒரு கதை சொல்லாத ஆம்பள இந்த ஆத்துலயே கெடையாது. போன வருஷம் கல்லு பாக்க வந்த மேஸ்திரி என்ன சொன்னான் தெரியுமா? கல்லத் தூக்கறப்ப இரும்புக் கொறடு கடிச்ச பள்ளமாம். அவ்வளவுதான்."

"அப்ப யாரும் சாகலையா?"

"செத்திருப்பாங்க. சாகாத எடத்துல எவன் பாலம் கட்டப் போறான்? ஆனா யாருன்னு கல்லுக்கா தெரியும்?" மெலானி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு நிஜமாவே குதிரை மேல பொறாமையா?"

"போடி."

"இன்னொரு பொம்பளையா இருந்தா மயிரப் பிடிச்சு உலுக்கலாம். இதுக்குப் பிடரி இருக்கு, ஆனா ஒதைக்கும்." மெலானி குலுங்கினாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அது கெடக்கட்டும். படகுல கயித்த எப்பிடிக் கட்டற? நீ வாருக்காரி, பாத்துக்க. குதிரைய வெச்சுக்கிட்டு முடிச்சுப் போட்டுடாத."

அது நோயெமிக்குத் தெரியாததல்ல. ஜெனோப் முதல் நாளே காட்டியிருந்தான். வார்க்காரர்கள் கயிற்றின் படகுப் பக்க நுனியை முகப்புக் கட்டையில் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஆபத்து என்றால் இழுக்கிறவர் தோளைக் குனிந்து வாரை உதறிவிட்டு வெளியே வந்துவிடலாம். குதிரையால் அப்படி உதற முடியாது. அதனால் குதிரைக்காரர்கள் கட்டையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு முளைக்கு அடியில் சொருகி வைப்பார்கள். படகில் இருப்பவர் நுனியை வெடுக்கென்று இழுத்தால் கயிறு அவிழ்ந்து ஓடிவிடும், குதிரை பிழைக்கும். குதிரையின் உயிர் எப்போதும் படகில் இருப்பவரின் கையில்.

அறுவடை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. மேற்கே மலைப்பக்கம் விடாமல் கொட்டியது. ஓரின் செம்மண் நிறத்தில் புரண்டு வந்தது. பிரான்சில் கரிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். நிற்க முடியாது, போய்விடலாம் என்றான் ஜெனோப்.

காலையில் கிளம்பும்போது கரையிலிருந்து குரல் கொடுத்தான். "சுத்தி மட்டும் விடு நோயெமி. முளையில சொருகு."

"தெரியும்!"

அவள் கயிற்றைக் கையில் எடுத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். குதிரையின் காதுகளுக்குள் மழைத்தண்ணீர் போகாமல் ஜெனோப் ஒரு துணியைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தான். நீலத்துணி, வெள்ளைப் புள்ளி. அவளுடைய தலைத்துணி. மகள் கல்யாணத்துக்கு அவள் கட்டிக்கொண்டது. அதை இரண்டு காதுக்கும் நடுவில் மடித்து, தாடைக்குக் கீழே முடிந்து, ஒரு அடி தள்ளி நின்று, அழகாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

அப்படித் தலையைச் சாய்த்து அவன் தன்னைப் பார்த்தது எப்போது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கைகள் தம் வேலையைச் செய்தன. குனிந்து பார்த்தபோது கட்டையில் முடிச்சு இருந்தது. அம்மா சொல்லிக்கொடுத்த முடிச்சு, வார்க்காரர் முடிச்சு. கயிறு அதற்குள் விறைத்துவிட்டிருந்தது, படகு நகரத் தொடங்கியிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கலாம். மதகு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மதகுக்கு முன்னால் ஓரின் பாலம் வரும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

பாலத்தின் மேல் குதிரை ஏறியது. கல் நனைந்து மினுமினுத்தது. ஜெனோப் அன்றைக்கு நிற்க நினைக்கவில்லை, கடிவாளத்தைப் பிடித்து விரைவாகத்தான் போனான். ஆனால் கொலெட் உச்சிக்கு வந்ததும் நின்றுவிட்டது. அங்கே நின்றால் ரொட்டி கிடைக்கும். ஒரு கோடை முழுவதும் அப்படித்தான் கிடைத்தது.

"ஏய், நட! நட கண்ணு!"

கொலெட் மூக்கை அவன் சட்டைப்பையில் வைத்து முட்டியது.

இழுப்பு நின்றதும் படகு சோர்ந்தது. சோர்ந்த படகின் முகப்பை ஓரினிலிருந்து பாய்ந்த வெள்ளம் பக்கவாட்டில் அறைந்தது. முகப்பு நடு ஆற்றுக்குத் திரும்பியது. நோயெமி சுக்கானில் முழு உடம்பையும் சாய்த்தாள், பயனில்லை. தொய்ந்திருந்த கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து விறைத்தது, குட்டைச் சுவரின் மேல் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. குதிரையின் பின்பக்கம் ஆற்றை நோக்கி இழுபட்டது. லாடங்கள் கல்லில் வழுக்கின. கொலெட் கத்தியது. குதிரை அப்படிக் கத்தும் என்பதே நோயெமிக்கு அதுவரை தெரியாது.

"விடு! கயித்த விடு!"

அவள் முகப்புக்கு ஓடினாள். முடிச்சு எலும்பைப்போல் இறுகியிருந்தது. நகம் பெயர்ந்தது. திரும்பி ஓடினாள். கூரைப்பலகையின் மேல் ரொட்டிக் கத்தி இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து கயிற்றில் வைத்தாள்.

வைத்தவள் நின்றாள்.

நின்றாள் என்றால் எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு இருக்கலாம். எதிரே பாலத்தின் மேல் நீலத்துணி கட்டிய தலை மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தது. குதிரையின் ஒரு பின்னங்கால் சுவரைத் தாண்டி வெளியே தொங்கியது. இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். நாளைக்கு லாயத்தின் பலகையைப் பிரித்துவிடலாம். நாளைக்கு வாரை ஆணியிலிருந்து எடுத்துவிடலாம். அவள் இதை எல்லாம் வார்த்தையாக நினைக்கவில்லை. கத்தி மட்டும் நகரவில்லை.

அப்போது ஜெனோப் கடிவாளத்தை விட்டுவிட்டுக் குதிரைக்கும் குட்டைச் சுவருக்கும் நடுவில் புகுந்தான். குனிந்து, கயிற்றின் கீழே தோளைக் கொடுத்து, பாதையைப் பார்த்து முன்னால் சாய்ந்தான். வாரில்லாமலே அந்தச் சாய்வு. மரச்செருப்புகள் கல்லில் அரைபட்டன. நிலக்கரி நிரம்பிய ஒரு படகை, வெள்ளத்துக்கு எதிராக, ஒற்றை ஆளாக. பைத்தியக்காரன். குதிரை போனால் அவன்தான் முதலில் போவான்.

நோயெமி அறுத்தாள். இழை இழையாகத் தெறித்தது. கடைசி இழை அறுந்தபோது கயிறு சவுக்குப்போலப் போய்ப் பாலத்தின் கல்லில் அடித்தது. ஜெனோப் முகம் குப்புற விழுந்தான். கொலெட் காலை உள்ளே இழுத்துக்கொண்டு எழுந்து, நடுங்கிக்கொண்டு நின்றது. நீலத்துணி ஆற்றில் விழுந்து படகைத் தாண்டி முன்னால் போனது.

படகு ஆற்றோடு இறங்கியது. அவள் சுக்கானுக்கு ஓடினாள். நல்லவேளை, கீழே வில்லோ மரங்கள் நிற்கும் வளைவில் மணல் மேடு இருந்தது. அதில் கொண்டுபோய்ப் படகின் வயிற்றை ஏற்றினாள். ஏறி நின்றது. அவள் முகப்புக்கு வந்து உட்கார்ந்தாள். 

ஜெனோப் ஓடி வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஓடி வரவில்லை. நடந்து வந்தான், குதிரையைப் பிடித்துக்கொண்டு. குதிரை நொண்டியது. அது எப்படி நொண்டியதோ அந்த வேகத்தில் அவனும் வந்தான். நெற்றியில் ரத்தம். கரைக்கு வந்து நின்று மூச்சு வாங்கினான்.

"கொலெட்டுக்கு ஒண்ணும் ஆகல" என்றான்.

நோயெமிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

"சந்தோஷம். ஆத்தோட போனவ எப்பிடி இருக்கான்னு கேட்டியா?"

"உன்ன என்ன கேக்கறது? நீ படகுல இருக்க. உனக்குப் படகு தெரியும்."

"குதிரைக்குப் பாலம் தெரியாதா? அதான் கதையெல்லாம் சொல்லிக் குடுத்தியே!"

 அவன் குதிரையை வில்லோ மரத்தில் கட்டிவிட்டுப் படகில் ஏறினான். முகப்புக் கட்டைக்கு வந்தான். அறுந்த கயிற்றின் துண்டு முடிச்சோடு அங்கேயே இருந்தது. அவன் அதைக் கட்டைவிரலால் தடவினான்.

"பழைய முடிச்சு" என்றான்.

"கைப்பழக்கம்."

"கைப்பழக்கமா?"

 அவளுக்கே தெரியாததை அவனிடம் எப்படிச் சொல்வது? மழை நின்றிருந்தது. குதிரை மரத்தடியில் காலை மாற்றி மாற்றி வைத்தது.

"உன் ரொட்டியாலதான் அது நின்னுச்சு" என்றாள் கடைசியில்.

"ஆமா. ரொட்டி என் தப்பு."

அவன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "அதுக்காக உயிர விடப் போன. குறுக்க பூந்து தோளக் குடுத்த. பாத்தேன்."

"குதிரைக்காகன்னு நெனைச்சா பூந்தேன்? கயிறு இழுத்துச்சு, தோளு போச்சு. பழக்கம்."

"எனக்காக ஒரு நாளாவது தோளக் குடுத்திருக்கியா?"

ஜெனோப் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன் பக்கத்துல நின்னு வேற என்னடி குடுத்தேன்?"

 அது அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது. இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அப்ப ஏன் அங்கேர்ந்து என்னை எறக்கின?"

"ராத்திரி தூக்கத்துல முனகற. தோளப் பிடிச்சுக்கிட்டு. உனக்குத் தெரியாது."

"வலிக்குதான்னு என்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டா இல்லம்ப."

"இல்லன்னா இல்லதான்! என் தோளு வலிக்கறது எனக்குத் தெரியாதா? வலிக்குது. உனக்கு வலிக்கலையா? உன் தோளுக்கு யாரு குதிரை வாங்கினா?"

 பேச்சில் மாட்டிக்கொண்டால் எப்போதும் செய்வதை ஜெனோப் செய்தான். இறங்கிப் போய்க் குதிரையின் காலைப் பார்த்தான். ஆனால் இந்த முறை அதனோடு பேசவில்லை. நோயெமி காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

குதிரை நடக்கத் தேறுவதற்குள் ஓரினும் வடிந்துவிட்டது. அவ்வழியே வந்த இன்னொரு படகுக்காரர்கள் கழி போட்டு நெம்பி இவர்களை மணலிலிருந்து இறக்கிவிட்டார்கள். கிளம்பும் காலையில் நோயெமி லாயத்துக்கு வெளியே ஆணியில் தொங்கிய தன் வாரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் குதித்தாள்.

"எங்க போற?" என்றான் ஜெனோப்.

"வேலைக்கு."

"கொலெட் இழுக்கும். அதுக்குச் சரியாயிடுச்சு."

"இழுக்கட்டும். நான் வேண்டாங்கல. நானும் இழுப்பேன். நீ போய் சொகமா சுக்கானப் பிடி."

"நானா?"

"நீதான். கயித்தச் சுத்தி மட்டும் விடு. முளையில சொருகு. முடிச்சுப் போட்டுடாத."

 அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படகில் ஏறினான். ஏறும்போது சட்டைப்பையிலிருந்து ரொட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான், கொலெட்டுக்குக் கொடு என்று. அவள் அதை வாங்கி, அங்கேயே, அவன் கண் முன்னாலேயே, இரண்டு வாயில் தின்றாள்.

குதிரையும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். குதிரைக்கு ஒரு கயிறு, அவளுக்கு ஒரு கயிறு, பின்னால் போய் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. முதல் வளைவு வருவதற்குள்ளேயே அவளுடைய தோள் எரிந்தது. குதிரையின் உடம்பிலிருந்து ஈரமும் சூடும் வந்தது. அது பெரிதாகத்தான் இருந்தது. பக்கத்தில் வந்து பார்த்தால் இன்னும் பெரிது. அதன் கயிறு விறைப்பாக இருந்தது. அவள் ஓரக்கண்ணால் தன் கயிற்றைப் பார்த்தாள். கொஞ்சம் தொய்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் சாய்ந்தாள்.

பாலம் வந்தது. உச்சியில் கொலெட் நின்றது. தலையைத் திருப்பி அவளுடைய உடம்பில் மோந்து பார்த்தது. ரொட்டி எங்கே என்று தேடியது.

நோயெமி அதன் முகத்தைப் பார்க்கவில்லை. செதுக்கிய கல்லையும் பார்க்கவில்லை. நிற்கவும் இல்லை. வாரில் சாய்ந்தாள், ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். பின்னால் படகின் மொத்த எடையும் அந்தக் கணம் அவள் ஒருத்தியின் தோளில் இறங்கியது. கண் இருட்டியது. விடவில்லை. குதிரையின் கயிறு தொங்கியது, அவளுடைய கயிறு கம்பியாக நின்றது.

கொலெட்டுக்கு என்ன தோன்றியதோ, காதை மடக்கிக்கொண்டு அவளை எட்டிப் பிடிக்க நடந்தது.

பாலத்தின் இறக்கத்தில் இரண்டு பேரும் சமமாக வந்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஜெனோப்பின் குரல் கேட்டது.

"நோயெமி! அதுகிட்ட என்ன சொன்ன? நிக்காமப் போகுதே! என்னடி சொன்ன?"

அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவில்லை என்று திரும்பிச் சொல்லவும் இல்லை. ஓரக்கண்ணால் குதிரையின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.